மேல் மூலையில் ஒரு குடை

எங்கள் வீட்டில் ஒரு சினிமாப் படம் இருக்கிறது. அதில் கதாநாயகன், கதாநாயகி, பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. சத்தமும் கிடையாது. போட்டால் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதை எடுத்தவர் என் வீட்டுக்காரர். எடுக்க வைத்தது நான் என்று அவரே நாலு பேர் முன்னால் சொல்லியிருப்பதால் நானும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதற்கு முன்னால், வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், நில அளவைக்கு வந்த ஒரு துரையிடம் வேலை பார்த்தார். அந்தத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமையானால் சினிமா காமிராவைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கரை, சந்தை, களத்துமேடு என்று சுற்றுகிற பழக்கம். முக்காலியைச் சுமந்துகொண்டு பின்னால் போனவர் இவர். ஊருக்குக் கப்பலேறும்போது துரை அந்தச் சின்ன காமிராவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் ஓடும். எனக்குச் சீராக வந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் பரணில் கிடந்தது. காமிரா மட்டும் பீரோவுக்குள் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவே சொகுசாகப் படுத்திருந்தது.

காமிராவோடு துரை இன்னொன்றையும் விட்டுப் போனார். அது அவர் பேச்சு. அவர்கள் ஊரில் கம்பெனி, முதலாளி என்று யாரும் இல்லாமல் சொந்தமாகப் படம் எடுக்கிற ஆட்கள் நிறைய உண்டாம். ஏதாவது ஒரு கடை மாடியில் அறை பிடித்து வாரம் ஒருநாள் கூடுவார்களாம். ஒருவரிடம் காமிரா இருக்கும், இன்னொருவரிடம் விளக்கு இருக்கும், மூன்றாமவர் வீட்டம்மாள் நடிக்க வருவாளாம். கைக்காசு தீர்ந்துபோனால் சங்கமே கொஞ்சம் தாங்கிக்கொள்ளுமாம். எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்து நல்லது கெட்டது பேசுவார்களாம். "நீ ஒரு படம் எடுத்தால் எனக்கு அனுப்பு. எங்கள் சங்கத்தில் போட்டுக் காட்டுகிறேன்" என்று துரை சொல்லியிருந்தார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாலும் அந்தச் சங்கத்தில் போய்த்தான் முடிப்பார்.

"நமக்கு அப்பிடி ஒரு சங்கம் இல்லியே. தனியா ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்?"

என்ன படம் எடுப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காடு. அங்கே மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் பருத்தியை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த விதைப்பு, அந்தக் காத்திருப்பு, பிறகு அந்த நிலத்தில் விழுகிற முதல் மழை. இவ்வளவுதான் படம். "சினிமாவுல வயலக் காட்டினா ஆத்துத் தண்ணியும் தென்னமரமுமா காட்டுதான். கரிசலக் காட்டினவன் யாரு?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வியை என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

நாலு வருஷம் இப்படியே ஓடிற்று. ஒரு புரட்டாசியில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ராமநாதபுரம் பக்கம் போகவேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஐப்பசி முடியும்வரை அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமல் பீரோவைத் திறந்தார். காமிராவை எடுத்துத் துடைத்து, யாருக்கோ பார்சல் கட்டுவதுபோல் ஒரு துணியில் சுற்றினார்.

"மதுரையில ஒரு ஸ்டுடியோக்காரன் கேட்டுக்கிட்டு இருந்தான். குடுத்திருதேன். இனிமே இது எதுக்கு?"

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முடிச்சை மட்டும் போட்டுப் போட்டு அவிழ்த்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரும். அது பிறவிக் குணம்.

"இந்த விதைப்ப விட்டா உங்களுக்குக் கரிசலும் இல்ல, படமும் இல்ல. சங்கம் இல்ல சங்கம் இல்லன்னு நாலு வருசமாச் சொல்லுதிய. யார்கிட்டயாவது போய்க் கேட்டியளா?"

"யார்கிட்ட கேக்க?"

"நான் கேக்கேன்" என்றேன். யாரிடம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி கமிஷன் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்டிப் பருத்தியும் வத்தலும் அவர் கடைக்குத்தான் வரும். அந்த வட்டாரத்து வியாபாரிகளுக்குள் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. விற்கிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் சிறு துளி பொதுவில் போகும். கோயில் கொடை, கிணறு, பள்ளிக்கூடக் கூரை எல்லாம் அதிலிருந்துதான். மகமையை நிர்வாகம் செய்தவர் இந்த அண்ணாச்சி. அவர் சம்சாரத்தை நான் மதினி என்பேன். அவர்கள் வீட்டு நல்லெண்ணெயும் எங்கள் வீட்டு மோரும் தினம் தெருவைக் கடந்து போய்வரும்.

மதினியிடம் சொன்னேன். மதினி ஒன்றும் புரியாமல், "ஏட்டி, வெதைக்கிறதப் படம் புடிச்சு யாரு பாப்பா?" என்று கேட்டார். ஆனாலும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடையின் பின்கட்டில் நிறுத்தி, அண்ணாச்சியைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "தாயி, மகமை பொதுக் காரியத்துக்கு உள்ளது. தம்பி படம் புடிக்கிறது எப்பிடிப் பொதுக் காரியம் ஆவும்?"

எனக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணாச்சி, சம்சாரி வெதைக்கத நீங்க பாத்திருக்கிய, நான் பாத்திருக்கேன். வெதைக்கவன் பாத்திருக்கானா? அவந்தான் குனிஞ்சே கெடக்கானே. அவன் வெதைச்சதுலதான் ஒங்க மகமை வந்துச்சு. அவன் செய்யுதத அவனுக்கு ஒரு தடவ காட்டினா அது பொதுக் காரியம் இல்லியா?"

அண்ணாச்சி மேலே கூரையைப் பார்த்தார், கீழே தராசைப் பார்த்தார். அன்று சாயங்காலம் மற்ற வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். படச்சுருளும், அதைக் கழுவ பம்பாய்க்கு அனுப்புகிற செலவும் மகமையில் சேர்ந்தன. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அண்ணாச்சியும் படத்தில் இருக்கவேண்டும்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

திருவேங்கடத்துக்குக் கொஞ்சம் இப்பால் அண்ணாச்சி கடைக்குப் பருத்தி போடுகிற ஒரு சம்சாரியின் காடு இருந்தது. எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம், வானம் பார்த்த நிலத்தைக் காடு என்போம். அவரும் அவர் மனைவியும் விதைக்கப் போகிற நாளை அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அதுதான் வினையாகிவிட்டது. நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தால், எதிரே ஒரு கல்யாண வீடு தெரிகிறது. சம்சாரி சலவைச் சட்டையும் சரிகை வேட்டியும் போட்டு, வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு கலப்பையைப் பிடித்து நிற்கிறார். மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் சலங்கை. அந்த அம்மாள் தன் கூரைப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, விதைப்பெட்டியை இடுப்பில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டின் நட்ட நடுவில் ஒரு நாற்காலி, பக்கத்தில் வட்ட மேஜை, மேஜைமேல் காகிதப் பூச்சாடி. பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு அண்ணாச்சி நாற்காலியில் அமர்ந்திருந்தார். டவுன் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த சாமான்களாம் அவை.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, எப்பமும் உள்ளபடி இருந்தாப் போதும்லா..."

"எப்பமும் உள்ளபடியா? படம்னு வந்தபொறவு அழுக்கோட நிக்க முடியுமா வே? நாளைக்குப் பேரன் பேத்தி பாக்கணுமில்ல!"

அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? சாவி கொடுத்துக் காமிராவை ஓட்டினார். 'கிர்ர்' என்று சத்தம் கேட்டதுதான் தாமதம், காட்டில் இருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார்கள். ஸ்டுடியோவில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! விதைத்த கை விதைத்தபடி நிற்கிறது. உழுத கால் தூக்கினபடி நிற்கிறது. மாடுகள் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டு காதை ஆட்டின. "நடங்க, நடங்க!" என்று இவர் கத்த, "மொதல்ல புடிச்சு முடிங்க சார், பொறவு நடக்கோம்" என்று சம்சாரி உதட்டை அசைக்காமல் பதில் சொன்னார். சாவி தீரும்வரை அண்ணாச்சி கண் இமைக்கவில்லை.

ஒரு சுருள் அப்படியே போயிற்று. இரண்டாவது சுருளில் எப்படியோ அவர்களை நடக்கவைத்தார். பட்டும் சரிகையுமாகத்தான் நடந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எல்லாம் பொய்யாப் போச்சு" என்றார். கோபம் வந்தால் என்னை நீங்கள் என்பார்.

"பொய் என்ன பொய்? அந்த அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பொடவைய இன்னைக்குத்தான் எடுத்திருக்கா. வீட்டுல உள்ளதுலயே நல்லத உங்களுக்காகக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. அது பொய்யா?"

பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒன்றை மட்டும் திட்டமாகச் சொன்னார். மிச்சமிருக்கிற சுருள் முழுதும் மழைக்கு. அதுவும் அந்தக் காட்டு மழைக்கு. விதை அங்கேதானே கிடக்கிறது! மழை மட்டும் சரியாகக் கிடைத்துவிட்டால் படம் பிழைத்துக்கொள்ளும். ஐப்பசி முடிவதற்குள் கிடைக்காவிட்டால் நாற்காலியும் பூச்சாடியும்தான் மிச்சம்.

கரிசல் மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று புரியும். ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் வெயில் காயும். சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு திருவேங்கடத்து மழையை எப்படிப் பிடிப்பது? அதற்கும் அண்ணாச்சிதான் வழி சொன்னார். அவர் கடை வாசலில்தான் பஸ்கள் நின்று மூட்டை ஏற்றும். கண்டக்டர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தார். எங்கேயாவது கறுத்தால் உடனே வந்து சொல்லவேண்டும்.

அந்த ஐப்பசியை நான் மறக்கமாட்டேன். தாலுகா ஆபீசில் அவரைத் தேடி மனு கொடுக்க வந்தவர்களைவிட மழை சொல்ல வந்தவர்கள் அதிகம். பனவடலிசத்திரத்தில் தூற்றல் என்று ஒருவர் வருவார். புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பெல்லாம் நனைந்துவிட்டது என்று இன்னொருவர் நனைந்த தொப்பியோடு வந்து காட்டுவார். இவர் திருவேங்கடமா என்று கேட்பார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். புளியங்குடி கண்டக்டருக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏன் சார், எங்க ஊர் மழை மழையில்லியா?"

எங்களுக்குச் சங்கம் இல்லை என்று யார் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் துரையின் சங்கத்தோடு ஒப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார்.

ஒருமுறை திருவேங்கடத்தில் பெய்கிறது என்று கேட்டு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது ரோடு மட்டும் ஈரமாக இருந்தது. அந்தக் காட்டில் ஒரு பொட்டு விழவில்லை. சம்சாரி வரப்பில் உட்கார்ந்து, "எங்களுக்கும் அதே கவலதான் சார்" என்றார். புழுதியைக் கிளறிப் பருத்தி விதையை எடுத்துக் காட்டினார். அது அப்படியே இருந்தது. அவர் கவலைக்கு முன்னால் எங்கள் கவலை எந்த மூலைக்கு! அன்று என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காமிராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

மாசம் முடியப் போகிறது. சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒருநாள் காலை, சமையல் பாதியில் இருக்கிறது, தெருவில் பஸ் ஹாரன் இடைவிடாமல் அலறியது. திருவேங்கடத்துப் பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

"யக்கா! சாரக் கூப்பிடுங்க! கெழக்க மை மாதிரிக் கறுத்து வருது. இடி கேக்கு. வண்டிய இப்பமே திருப்புதோம், வாங்க!"

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. கடையில் முண்டா பனியனோடு வத்தலுக்கு விலை பேசிக்கொண்டிருந்த அண்ணாச்சி, சுவரில் மாட்டியிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ்ஸில் ஏறிவிட்டார். மதினி பின்னாலேயே ஓடிவந்து, "சட்டையாவது போட்டுட்டுப் போங்களேன்!" என்று கத்தினார். பஸ் கிளம்பிவிட்டது.

காட்டு விளிம்பில் இறங்கினபோது காற்று நின்றிருந்தது. பெரிய பெரிய பொட்டுகளாக விழ ஆரம்பித்தது. கறுத்த மண்ணில் ஒவ்வொரு பொட்டும் புழுதியைக் கிளப்பிவிட்டு உள்ளே போனது. பிறகு ஊற்றிற்று. சம்சாரி கோவணத்தோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பு வாய்க்காலைத் திறக்க ஓடினார். அவர் மனைவி கிழிந்த சேலையில், தலையில் புடைக்கிற சுளகைக் கவிழ்த்துக்கொண்டு காட்டின் நடுவில் வந்து நின்றாள். பிறகு சுளகை எறிந்துவிட்டு முகத்தை மேலே தூக்கி நனைந்தாள். எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சேற்றில் முழங்காலிட்டுக் காமிராவை ஓட்டினார். சாவி தீரும், திருப்புவார், மறுபடி ஓட்டுவார். சாவி திருப்பும்போதெல்லாம் நான் காமிராக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தேன். அண்ணாச்சி காமிராவுக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடைக்கு வெளியே நின்ற அவர் வழுக்கைத் தலையில் மழை அடித்து வழிந்தது.

"அண்ணாச்சி, நீங்க முன்னால போய் நில்லுங்க. படத்துல வரணும்னிய!" என்று நான் கத்தினேன்.

"அட போ தாயி! இங்கன ஒரு பொட்டு விழுந்தா எல்லாம் போச்சு" என்றார்.

சுருள் தீர்ந்துபோய் காமிரா வெறுமனே ஓடுகிற சத்தம் கேட்கும்வரை அவர் நகரவில்லை. எனக்கு அவர்மேல் அப்போது வந்த பிரியத்தை என்னவென்று சொல்ல! என் வீட்டுக்காரர் எழுந்தபோது அழுதிருந்தார். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார் போல.

படம் கழுவி வந்தபோது நாங்கள் ராமநாதபுரம் பக்கம் குடிபோயிருந்தோம். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் வந்தோம். கிராமம் கிராமமாகப் படம் காட்டுகிற சர்க்கார் வேன்காரர் ஒருவரைக் கண்டக்டர்கள் பிடித்து வந்தார்கள். கமிஷன் கடைச் சுவருக்கு அண்ணாச்சி புதிதாக வெள்ளையடித்திருந்தார். விளக்கு வைத்ததும் தெரு நிறைந்துவிட்டது. சம்சாரி தன் ஊரையே வண்டி கட்டி அழைத்து வந்திருந்தார்.

முதலில் நாற்காலியும் பூச்சாடியும் அண்ணாச்சியும். கைதட்டல். பிறகு பட்டும் சரிகையுமாக விதைப்பு. சம்சாரி எழுந்து நின்றுவிட்டார். "நான் இப்பிடியா வளைஞ்சு நடக்கேன்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "நல்லாத்தான நடக்கிய" என்று அவர் மனைவி சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி அவர் முன்னே பின்னே கேட்டதில்லை போல.

பிறகு மழை. சத்தமில்லாத மழையைப் பார்த்துத் தெருவும் சத்தமில்லாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் மழை முழுவதிலும் மேல் மூலையில் கறுப்பாக ஏதோ ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சியின் குடை விளிம்பு.

"மேல மூலையில கறுப்பாத் தெரியுதுல்லா?" என்று இருட்டில் அண்ணாச்சி குரல் கேட்டது. "அது என் குடை வே! எங்குடை!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் குடையைத்தான் சொன்னார்.

துரைக்கும் படம் கப்பலில் போயிற்று. வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்தது, கூடவே ஒரு காகிதமும். சங்கத்தில் எல்லோரும் ரசித்தார்களாம். இந்தியாவில் பட்டு உடுத்தித்தான் விதைப்பார்கள் போலும், எவ்வளவு அழகான வழக்கம் என்று பேசிக்கொண்டார்களாம். ஒரே ஒரு குறை. மழையில் மேல் மூலையில் ஏதோ ஆடுகிறது. அந்த இடங்களை வெட்டிவிட்டால் படம் இன்னும் சுத்தமாக இருக்கும்.

அவர் பிளேடையும் ஒட்டுகிற பசையையும் எடுத்து வைத்துக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். என் குணம்தான் தெரியுமே.

"வெட்டப் போறியளா?"

அவர் சுருளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு பிளேடைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்தார்.

"நம்ம சங்கத்தக் கேக்காம எப்பிடி வெட்ட?" என்றார்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷத்தில் அண்ணாச்சி தவறிப்போனார். அதன்பின் ஒரு பொங்கல் லீவுக்குச் சங்கரன்கோவில் போனபோது, மதினி கேட்டுக்கொண்டதால் படம் காட்டுகிற மெஷினை வாடகைக்கு எடுத்து, அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் படத்தைப் போட்டோம். நாற்காலியில் அண்ணாச்சி கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தபோது மதினி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மழை வந்ததும் வெற்றிலையைக் கீழே வைத்தார். சம்சாரியையோ அந்த அம்மாளையோ பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, சுவரின் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடை ஆடிக்கொண்டே இருந்தது.

"கை வலிச்சிருக்கும்லா அவியளுக்கு" என்றார் மதினி.